குவாட்டர்பேக்கின் சம்பளமும் அப்பாவின் வாயும்

பந்து எறிகிற ஒருவனுக்கு ஒரு குழுவின் சம்பளப் பணத்தில் அவ்வளவு பெரிய பங்கைக் கொடுக்கலாமா என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வரும். கேட்பவர்கள் விளையாட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். திங்கட்கிழமை காலையில், அலுவலகத்தில், கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, முந்தைய நாள் ஆட்டத்தைப் பற்றிக் கதைக்க ஒரு சாட்டாகக் கேட்கிறார்கள். ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு அமெரிக்கக் கால்பந்து தெரிந்திருப்பது அவர்களுக்கு வேடிக்கை. எனக்குத் தெரியும். அவர்களைவிட நன்றாகவே தெரியும். நான் அந்த ஆட்டத்தைக் கதிரையில் சாய்ந்திருந்து பார்க்கவில்லை. மேசைகளுக்கு நடுவே எச்சில் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடந்து பார்த்தேன்.

மொன்றியல் நகர்மையத்தில், மெட்ரோ வாசலிலிருந்து இரண்டு நிமிட நடையில் இருந்தது அந்தப் பார். சுவரெல்லாம் தொலைக்காட்சிகள். அப்பா அதன் குசினியில் பதினொரு வருடம் வேலை செய்திருந்தார். முதலில் கோப்பை கழுவினார். பிறகு வெங்காயம் வெட்டினார். பிறகு எண்ணெய்த் தொட்டி, அதன் பிறகு கிரில் அடுப்பு. நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே மேசை துடைக்கப் போனேன். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா அதையும் எட்டாதவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆளும் நான். இதை நான் அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆட்டத்தைத் துண்டு துண்டாகத்தான் பழகினேன். ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போவதற்குள் ஒரு விதி விளங்கும். குவாட்டர்பேக் என்பவன் எல்லாத் தாக்குதலையும் நடத்துபவன். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவன் கைக்கு வரும். எறிவதா, பக்கத்தில் ஓடுபவனிடம் கொடுப்பதா என்று ஓரிரு நொடியில் அவன் முடிவெடுக்க வேண்டும். அந்த ஓரிரு நொடியை அவனுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் முன்னால் வரிசையாக நிற்கும் ஐந்து பெரிய உடம்புக்காரர்கள். எதிரணி பாயும்போது அடி வாங்குவது அவர்கள் வேலை. அவர்கள் பெயரை மேசையில் இருந்து கத்துகிற எவரும் சொன்னதில்லை. தவறு விட்டால் மட்டும் நடுவர் அவர்களது இலக்கத்தை ஒலிபெருக்கியில் சொல்வார்.

அப்பாவுக்கு ஆட்டம் தெரியாது. ஆனால் சத்தத்தை வைத்து அவர் கணக்குப் போடுவார். வெளியே ஒரு பெரிய கூச்சல் கேட்டால் உடனே இரண்டு கூடை கோழிச் சிறகுகளை எண்ணெயில் இறக்கிவிடுவார். ஓடர் சீட்டு வருவதற்குள் சிறகு பாதி பொரிந்திருக்கும். அந்தப் பாரில் சாப்பாடு சுணங்காமல் வரும் என்று ஆட்கள் சொல்வதன் இரகசியம் அவ்வளவுதான்.

அந்தக் குளிர்காலத்தில் பனித்தரை ஹொக்கி இல்லை. 2004 இன் இலையுதிர் காலத்தில், சம்பள உச்சவரம்பு வேண்டும் என்று குழு முதலாளிகளும், வேண்டாம் என்று வீரர்களும் இழுபட்டு, ஆட்டமே நின்றுபோனது. மொன்றியலில் ஹொக்கி இல்லாத குளிர்காலம் என்றால் பார் முதலாளிகளுக்கு என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை. எங்கள் முதலாளி ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கக் கால்பந்தை நம்பினார். சாப்பாட்டை நம்பினார். அதே செப்டெம்பரில் பழைய தலைமைச் சமையல்காரர் முழங்கால் வலியோடு ஓய்வுக்குப் போனார். முதலாளி அப்பாவை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். ஓடர்களுக்குத் தேவையான ஆங்கிலமும் பிரெஞ்சும் அப்பாவிடம் இருந்தன. ஆனால் பெரிய கதை என்றால் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்.

முதலாளி சுற்றி வளைக்கவில்லை. குசினிப் பொறுப்பை எடுக்கிறாயா, எடுத்தால் எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்று கேட்டார். நான் சொன்னேன். அப்பா கையை ஏப்ரனில் துடைத்தார். கை ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது.

"பொறுப்பை எடுக்கிறன் எண்டு சொல்லு. சம்பளத்தை அவர் பாத்துச் செய்யட்டும்."

"எவ்வளவு எண்டு கேக்கிறார் அப்பா."

"அதுதான் சொல்லுறனே. பதினொரு வருசமா என்ர வேலையைப் பாக்கிறார். அவருக்குத் தெரியாததே? பாத்துச் செய்யட்டும்."

இந்த வசனத்தை எங்கள் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக்கு வர்ணம் அடிக்க வந்தவர் அப்படிச் சொன்னார். அம்மாவுக்குச் சாறிச் சட்டை தைத்துக் கொடுக்கும் அக்கா இன்றும் அப்படித்தான் சொல்வார். பாத்துத் தாங்கோ. அதைக் கேட்டவுடன் மற்றவருக்கு உள்ளே ஒரு பயம் வரும். குறைத்துக் கொடுத்தால் தன் மானம் போய்விடும் என்று மனதுக்குள் நினைத்ததைவிட ஒரு பங்கு கூட்டித்தான் கொடுப்பார். விலை சொல்லாமலே விலையை ஏற்றுகிற வழி அது. ஆனால் அதற்கு எதிரே இருப்பவரும் அதே பழக்கத்தில் வளர்ந்திருக்க வேண்டும். எங்கள் முதலாளி வளரவில்லை.

நான் அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொன்னேன். உங்களுக்குச் சரியென்று படுவதைக் கொடுங்கள் என்கிறார் என்றேன். என் ஆங்கிலத்தில் ஒரு பிழையும் இல்லை. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. முதலாளியின் முகத்தில் வந்தது பயமல்ல, நிம்மதி. இந்த ஆளுக்கு இது பெரிய விடயமே இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம், மனுசன் நல்லதாச் செய்வார் என்றார்.

இரண்டு கிழமை கழித்து ரொறொன்ரோவிலிருந்து ஒரு செஃப் வந்து இறங்கினார்.

முப்பது வயதிருக்கும். முழங்கைவரை பச்சை குத்தியிருந்தார். முதலாளி அவர் தோளில் கை போட்டபடி குசினிக்குள் வந்து எங்கள் எல்லோருக்கும் முன்னால் பேசினார். ஹொக்கி இல்லை, கால்பந்துதான் இப்போது எங்கள் பிழைப்பு, எந்தக் குழுவுக்கும் ஒரு நல்ல குவாட்டர்பேக் வேண்டும், இதோ எங்களுடையவர் என்றார். குசினியில் அப்பாவோடு சேர்த்து நான்கு தமிழர்கள். கோப்பை கழுவுகிற மாமா அப்பாவைவிட ஐந்து வயது இளையவர், அதைவிட ஐந்து மடங்கு வாய்க்காரர்.

"என்னவாம் பிள்ளை?" என்று என்னைக் கேட்டார்.

சொன்னேன்.

"அப்ப நாங்கள் ஆர், பந்து பொறுக்கிறவையோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பில்தான் முதல் கோபம் வந்தது.

பணம் எங்கேயிருந்தோ வர வேண்டுமே. குசினியில் இருந்த மற்ற இரண்டு தமிழர்களுக்கும் செவ்வாய், புதன் வேலை போனது. அப்பாவுக்கு மேலதிக நேரம் போனது. போகாதது சனிக்கிழமைக் காலைகள். பழைய தலைமைச் சமையல்காரரின் முழங்கால் பழுதான நாளிலிருந்து அப்பாதான் சனிக்கிழமைகளில் ஜான்-டலோன் சந்தைக்குப் போய் மிளகாயும் செலரியும் தக்காளியும் தெரிந்து வாங்கி, தன் காரில் ஏற்றி பாரில் இறக்குவார். அந்த நேரத்துக்குச் சம்பளம் இல்லை. அதையும் யாரும் பார்த்துச் செய்யவில்லை. புதிய செஃப் சனிக்கிழமை காலையில் எழும்புவதில்லை. அப்பா தொடர்ந்து போனார். எந்த அலுமாரியில் எது இருக்கிறது, எந்த எண்ணெய்த் தொட்டி சூடு பிடிக்கச் சுணங்கும், எந்த மேசைக்காரன் உறைப்புக் கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்புவான் என்று செஃபுக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தார். கேட்டால், புதுசா வந்தவருக்குச் சொல்லிக் குடுக்காட்டி என்ன மனுசர் நாங்கள் என்றார்.

நவம்பரில் புள்ளிவிவரவியல் வகுப்பில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். தலைப்பு எங்கள் விருப்பம். மற்றவர்கள் மழை, வீட்டு வாடகை, பரீட்சைப் புள்ளிகள் என்று எடுத்தார்கள். நான் எடுத்தது: அதிகச் சம்பளம் வாங்கும் குவாட்டர்பேக்குகள் அந்தச் சம்பளத்துக்குத் தகுந்தவர்களா. வகுப்பின் உதவியாசிரியர் தலைப்பை இரண்டு தரம் வாசித்தார். பிறகு என்னை ஒரு தரம் பார்த்தார். உனக்கு அந்த ஆட்டம் விளங்குமா என்று கேட்டார். உங்களுக்கு விளங்காத இடத்தில் கேளுங்கள், சொல்லித் தருகிறேன் என்றேன்.

நல்ல தலைப்பு அது. இன்றும் சொல்வேன். அமெரிக்கக் கால்பந்து லீக்கில் ஒவ்வொரு குழுவும் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. எல்லாக் குழுக்களுக்கும் ஒரே வரம்பு. எனவே குவாட்டர்பேக்குக்குக் கூட்டிக் கொடுக்கிற ஒவ்வொரு டொலரும் முதலாளியின் பையிலிருந்து வருவதில்லை. முன்வரிசை ஐந்து பேரிடமிருந்தும், பந்தைப் பிடிப்பவனிடமிருந்தும், எதிரணியைத் தடுப்பவர்களிடமிருந்தும்தான் வருகிறது. செவ்வாயும் புதனும் வேலை இழந்த இரண்டு பேர் என் கண் முன்னால் இருந்தார்கள். விடை எனக்கு முன்கூட்டியே தெரியும் என்று நினைத்தேன். நிரூபிப்பதுதான் பாக்கி.

பாரில் ஆட்கள் விட்டுப்போன பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களைச் சேர்த்தேன். நூலகக் கணினியில் இருந்து சம்பள விபரங்களைப் பிரதி எடுத்தேன். செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பெரிய வரைபடத் தாளை விரித்து, ஒரு பக்கம் குவாட்டர்பேக்கின் சம்பளப் பங்கு, மறுபக்கம் குழுவின் வெற்றிகள் என்று ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு புள்ளி வைத்தேன். கணினியில் செய்திருக்கலாம். கையால் வைக்க வேண்டும் போலிருந்தது. புள்ளிகள் கீழ்நோக்கி இறங்கும், கூடக் கொடுத்தவன் தோற்றிருப்பான் என்று எதிர்பார்த்தேன். கடுகு கொட்டியதுபோல் தாள் முழுக்கச் சிதறிக் கிடந்தன.

அப்பா தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். விளக்கினேன்.

"அப்ப கூடச் சம்பளம் வாங்கிறவன்ர குழு வெல்லுமோ?"

"கட்டாயம் வெல்லும் எண்டில்லை."

"தோக்குமோ?"

"அப்பிடியும் இல்லை."

"ஒண்டும் தெரியேல்லை எண்டு பதினைஞ்சு பக்கம் எழுதப் போறாய்," என்றார். "நல்ல படிப்புத்தான்."

அவர் போன பிறகும் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிடிக்காத சில விடயங்களை அது சொன்னது. நல்ல குவாட்டர்பேக் இல்லாத குழுக்கள் பல அடிமட்டத்தில் கிடந்தன. அவன் தேவையில்லை என்று என்னால் எழுத முடியவில்லை. சம்பளம் கூடியவர்களில் பலர் முதலில் வென்றவர்கள், பிறகுதான் கூடக் கேட்டவர்கள். பணம் வெற்றியைக் கொண்டுவரவில்லை, வெற்றி பணத்தைக் கொண்டுவந்தது. இன்னும் பெயர் எடுக்காத, மலிவான ஒருவன் கிடைத்த குழு மிச்சப் பணத்தில் நல்ல முன்வரிசையை வாங்கி மேலே போயிருந்தது. இரண்டு வருடம் கழித்து அவனும் கேட்பான். அப்போது முன்வரிசையை விற்பார்கள்.

கடைசியில் நான் எழுதியது இதுதான். ஒருவனுடைய சம்பளம் அவன் பெறுமதியின் அளவு அல்ல. அவன் போய்விட்டால் என்ன ஆகும் என்று கொடுப்பவர் படுகிற பயத்தின் அளவு. குவாட்டர்பேக்குக்குப் பதில் இன்னொருவனைத் தேடுவது கடினம். அவனுக்காகச் சம்பளம் பேசுகிற முகவர் அந்தப் பயத்தை மேசையில் வைத்துவிட்டுத் தொகையைச் சொல்கிறார். முன்வரிசையில் நிற்பவனும் போனால் நட்டம்தான். ஆனால் அந்தப் பயத்தை எவரும் முதலாளிக்குக் காட்டுவதில்லை. பந்தைத் தொடாதவன் போய்விட்டால் என்ன ஆகும் என்று அவன் போகும்வரை யாருக்கும் தெரியாது.

ஜனவரியில் கட்டுரை திரும்பி வந்தது. முதல் பன்னிரண்டு பக்கங்களும் மிக நன்று, கடைசி மூன்று பக்கங்களுக்கு ஆதாரம் இல்லை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. ஆதாரம் பெப்ரவரியில் வந்தது.

கோப்பை கழுவுகிற மாமாவின் மகளுக்குச் சாமத்தியவீடு, பூப்புனித நீராட்டு விழா. தை மாதத்துக்குள் செய்ய வேண்டும். நல்ல நாளும் பார்க்க வேண்டும், செயின்ட்-மிஷேல் மண்டபமும் கிடைக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைத்தது பெப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை. குசினித் தமிழர் நான்கு பேரும், அவர்களோடு நானும், டிசம்பரிலேயே லீவு கேட்டோம். முதலாளி கலண்டரைப் பார்க்காமல் ஓம் என்றார். அன்றைக்குத்தான் கால்பந்தின் இறுதி ஆட்டம் என்பது மாமாவுக்குத் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. முதலாளி ஜனவரி கடைசியில்தான் கவனித்தார். கொடுத்த வார்த்தையை மாற்றவில்லை, அதை அவருக்காகச் சொல்லத்தான் வேண்டும். ஒரு முகவர் நிலையத்தில் இரண்டு தற்காலிக ஆட்களைக் கேட்டார். குவாட்டர்பேக் இருக்கிறாரே.

அன்றைக்கு மண்டபத்தில் நான் மிகவும் சந்தோசமாக இருந்தேன். பிள்ளையை மணவறையில் இருத்தி ஆலாத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா பட்டு வேட்டி கட்டி, மாமாவின் பக்கத்து ஆளாக வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றார். நான் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன். நாலு மணி, பார் நிறைந்திருக்கும். நாலரை, முதல் ஓடர்கள். ஐந்து, செஃப் வியர்த்திருப்பார். ஒரு நாள், ஒரேயொரு நாள், முன்வரிசை இல்லாமல் ஆடிப் பார்க்கட்டும் என்று இருந்தது.

ஐந்தே காலுக்கு அப்பாவின் கைத்தொலைபேசி அடித்தது. முதலாளி. அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். யெஸ், யெஸ் என்றார். பிறகு சால்வையை மடித்து அம்மாவிடம் கொடுத்தார்.

நான் ஓடிப் போய் முன்னால் நின்றேன். முகவர் நிலையம் அனுப்பியதில் ஒருவன்தான் வந்தானாம், அவன் எண்ணெய்த் தொட்டியையே இன்றைக்குத்தான் பார்க்கிறானாம், பத்து மேசைக்காரர்கள் சத்தம் போடுகிறார்களாம். போகாதீங்கோ என்றேன். இன்றைக்கு ஒருநாள் விடுங்கோ, அவர் பார்க்கட்டும் என்றேன்.

"மனுசன் அந்தரப்பட்டு நிக்கேக்கை கணக்குப் பாக்கிறதே?" என்றார் அப்பா.

"அவர் உங்களுக்குக் கணக்குப் பாத்தவர்தானே."

"அது அவற்ற குணம். நான் போட்டு வாறன். மாமாவைக் கூப்பிடாதை, அவற்ற வீட்டுக் காரியம்."

வேட்டிக்கு மேல் குளிர் ஜக்கெற், காலில் பனிச் சப்பாத்து. அப்படியே போய்க் காரில் ஏறினார். நானும் சாறியோடு ஏறினேன். உதவி செய்வதற்காக அல்ல. கோபத்தில் ஏறினேன்.

குசினிக்குள் ஓடர் சீட்டுகள் கம்பியில் இடமில்லாமல் தரையில் கிடந்தன. செஃப் அடுப்புக்கு முன்னால் இரண்டு கையிலும் இடுக்கியோடு நின்றார். அப்பாவின் வேட்டியைப் பார்த்தார்; கிரில்லை விட்டு ஒதுங்கி இடம் கொடுத்தார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டி மேலே ஏப்ரனைக் கட்டினார். கீழே கிடந்த சீட்டுகளைப் பொறுக்கி, எது முதல் எது பிறகு என்று அடுக்கித் தரச் சொல்லி என்னிடம் நீட்டினார். முக்கால் மணித்தியாலத்தில் கம்பி வெறுமையாகியது. வெளியே ஒரு கூச்சல் கேட்டது. அப்பா இரண்டு கூடை இறக்கினார். செஃப் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இடையில் ஒரு மூச்சு எடுக்க நேரம் கிடைத்தபோது செஃப் என்னிடம், உன் அப்பாவுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் ஒரு கெட்ட சொல் சொன்னார். முதலாளியைத்தான். பிறகு தன் சம்பளத்தைச் சொன்னார். ஒளிக்கவில்லை. வரும்போது ஒரு முட்டாள்தனமான தொகையைக் கேட்டேன், பாதியாகக் குறைப்பார் என்று நினைத்தேன், அவர் குறைக்கவே இல்லை என்றார். அவர் மீது எனக்கு இருந்த கோபம் அந்த நிமிடத்தோடு போய்விட்டது. அவர் செய்தது கேட்டது மட்டும்தான். கோபம் முழுவதும் வேட்டியோடு கிரில்லுக்கு முன்னால் நின்ற மனிதர் மேல் திரும்பியது. என் பதினைந்து பக்கத்தையும் அவர் ஒரே மாலையில் நிரூபித்தார். அதே மாலையில் அதைத் தூக்கிக் குப்பையிலும் போட்டார். முதலாளிக்கு வர வேண்டிய பயத்தை ஐந்தே காலுக்குப் போய்த் தீர்த்து வைத்தார்.

எந்தக் குழு வென்றது என்று எனக்கு நினைவில்லை.

அடுத்த நாள் பகல் முதலாளி அப்பாவைக் கூப்பிட்டார். நான் வகுப்பை விட்டுவிட்டுப் போனேன். அதே அலுவலக அறை. அவர் எழும்பி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நேற்று நீ இல்லாவிட்டால் நான் கடையைப் பூட்டியிருக்க வேண்டும் என்றார். உண்மையாகவே சொன்னார். பிறகு இரண்டாவது தடவையாக அதே கேள்வியைக் கேட்டார். சொல், உனக்கு என்ன வேண்டும்?

அப்பா சுவரைப் பார்த்தார்.

"பாத்துச் செய்யட்டும் எண்டு சொல்லு."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: செஃபுக்குக் கொடுப்பதையே தனக்கும் கொடுக்கச் சொல்கிறார். இரண்டு பேருக்கு வெட்டிய செவ்வாய், புதன் வேலையைத் திருப்பித் தரச் சொல்கிறார். தொகையையும் சொன்னேன்.

அப்பாவுக்கு ஆங்கில எண்கள் விளங்கும். வருடக்கணக்காக ஓடர் சீட்டு வாசித்தவர். அவர் கழுத்து சிவந்து வந்ததைப் பார்த்தேன். முதலாளி என்னை விட்டுவிட்டு அவரிடமே கேட்டார். நீயா சொன்னாய் இதை?

அப்பாவுக்குத் தப்ப வழி இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். பிள்ளை பகிடி விடுகிறாள் என்று சொல்லியிருக்கலாம். கடைசியில் தன் ஆங்கிலத்தில் இரண்டே சொல் சொன்னார். அவள் சொல்கிறாள்.

முதலாளி மேசையில் இருந்த பேனாவை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வைத்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இந்த முறை அவர் முகத்தில் நிம்மதி இல்லை.

காரில் மூன்றாவது சிவப்பு விளக்கில் நின்றபோது அப்பா சொன்னார்.

"அவருக்கு முன்னால என்னைப் பிச்சைக்காரனாக்கிப் போட்டாய்."

"பாத்துப் போடச் சொல்லுறவன்தான் அப்பா பிச்சைக்காரன்."

அதன் பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் அவர் என்னோடு கதைக்கவில்லை. சாப்பிட்டாயா என்பதைக்கூட அம்மாவிடம் சொல்லிக் கேட்டார். மன்னிப்புக் கேள் என்று அம்மா ஒவ்வொரு நாளும் சொன்னார். நான் கேட்கவில்லை. அந்த வசனத்தின் சூடு எனக்குத் தெரியும். ஆனால் அது பிழை என்று எனக்குப் படவில்லை. இன்றும் படவில்லை.

ஏப்ரலில் செஃப் இன்னும் கூடக் கேட்டார். முதலாளி மறுத்தார். செஃப் வேறு இடத்துக்குப் போய்விட்டார். அடுத்த கிழமையே அப்பா தலைமைச் சமையல்காரர். செவ்வாயும் புதனும் திரும்பி வந்தன. சனிக்கிழமைச் சந்தைக்கும் நேரம் போட்டார்கள். சம்பளம், செஃப் வாங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோப்பை கழுவுகிற மாமா வாழ்த்துச் சொல்ல வீட்டுக்கு வந்தார். நான் தேத்தண்ணி கொண்டு போனேன். அப்பா கதிரையில் நிமிர்ந்து இருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் வாய் திறந்து ஒரு சதம் கேக்கேல்லை. அவரே பாத்துச் செய்தவர்."

"நல்ல முதலாளி அண்ணை," என்றார் மாமா.

தட்டத்தை மேசையில் கொஞ்சம் பலமாகத்தான் வைத்தேன்.

"நான் கேட்டனான் அப்பா."

இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துக் கதைத்தார்.

"நீ கேட்டனி. நான் கேக்கேல்லை."

"மூண்டில ஒரு பங்கு குறைய."

"ஓம்," என்றார், தேத்தண்ணியைக் கையில் எடுத்தபடி. "அது அவற்ற மானம்."

மாமா இருந்ததால் நான் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் ஏதோ பெரிய நியாயம் கேட்டவர்போல் தலையாட்டினார். அன்றைக்கு வாயில் வந்து நின்றதை இங்கே எழுதுகிறேன். அந்த மூன்றில் ஒரு பங்கு முதலாளியின் மானமல்ல, அப்பா. அது நின்று நின்று தேய்கிற உங்கள் முழங்கால், வைத்தியம் பார்க்காத அம்மாவின் பல், என் அடுத்த தவணைக் கட்டணம். அதை அவர் இன்னும் வைத்திருக்கிறார். அவர் தானாகப் பார்த்துத் தரமாட்டார்.